விழுந்த ஆட்கள் எழும்பி நில்லுங்கோ

அவருடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. அதை யாரோ கல்லறையில் நல்ல எழுத்தில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அவருக்கு அது போதும். எங்களுக்கு அவர் ரீச்சர். பள்ளிக்கூடத்து ரீச்சர் அல்ல, ஞாயிறு பாடசாலை ரீச்சர். திருகோணமலைத் துறைமுகத்துக்கு இறங்கும் தெருவில் இருந்த எங்கள் சின்னத் தேவாலயத்தின் பக்கத்து அறையில், ஞாயிறுதோறும் காலையில், பதினொரு பிள்ளைகளுக்கு வேதபாடம் நடத்துவார். வீட்டாரிடம் அன்பாயிருப்பது எப்படி, சோதனையில் விழாமல் நிற்பது எப்படி, இந்த இரண்டுதான் அவருடைய பாடம். பேழையில் தொடங்கினாலும் சரி, சிங்கக் கெபியில் தொடங்கினாலும் சரி, கடைசியில் இந்த இரண்டில் ஒன்றில் கொண்டுவந்து முடித்துவிடுவார்.

நான் அவரைப் பற்றி நல்லவிதமாக எழுதுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். பொய் எழுதமாட்டேன், அவ்வளவுதான்.

ஒல்லியான, உயரமான மனுசி. கழுத்துவரை மூடிய சட்டை, கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை. கதிரையின் நுனியில்தான் இருப்பார். சாய்ந்து இருந்து நான் கண்டதில்லை. அவருக்கு முன்னால் ஒரு மேசை, மேசையில் ஓரம் கழன்ற எனாமல் தட்டு, தட்டில் பனங்கட்டித் துண்டுகள். "இது உங்களுக்கில்லை" என்று சொல்லிவிட்டு வெளியே போய்க் கதவைச் சாத்துவார். வெளியில் நின்று ஒரு பாட்டை எல்லாச் சரணங்களோடும் பாடுவார். நாங்கள் உள்ளே வாயூறிக்கொண்டு தட்டைப் பார்த்தபடி இருக்க வேண்டும். பாட்டு முடிந்து வந்ததும் துண்டுகளை எண்ணமாட்டார். எண்ணினால் யாரோ எடுத்தது தெரியுமே தவிர, யார் நக்கிவிட்டு வைத்தது என்று தெரியாது அல்லவா? ஒவ்வொருவருடைய கையையும் பிடித்து, விரல்களை மூக்கடியில் வைத்து மணந்து பார்ப்பார்.

"நிண்டியா, விழுந்தியா?"

இதுதான் கேள்வி. வரிசையாகக் கேட்டுக்கொண்டு போவார். பிறகு, "விழுந்த ஆட்கள் எழும்பி நில்லுங்கோ" என்பார். விழுந்தவர்கள் வகுப்பு முடியும்வரை நிற்பார்கள். சோதனையில் நின்றவர்கள் வாங்கில் உட்கார்ந்திருப்பார்கள். இதில் இருந்த வேடிக்கை அவருக்கு ஒருநாளும் பிடிபடவில்லை. எங்களுக்குப் பிடிபட்டது, ஆனால் சிரிக்கப் பயம்.

பிள்ளைகளை மட்டும் அல்ல, பெரியவர்களையும் விடமாட்டார். வெள்ளிக் கரண்டியைக் கிணற்றடியில் மறந்ததுபோல வைத்துவிட்டு, உடுப்புத் தோய்க்க வருகிறவள் என்ன செய்கிறாள் என்று யன்னலால் பார்த்துக்கொண்டிருப்பார். உபவாச நாளில் போதகரின் மனைவிக்கு முன்னால் தட்டு நிறையப் பலகாரத்தை வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாராம். அந்த அம்மா ஒரு வாரம் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ரீச்சர் ஒரு சாமானை நீட்டினாலும் சோதனை, கேட்டாலும் சோதனை என்று ஊர் பழகிப்போயிருந்தது. அந்தப் பழக்கந்தான் ஒருநாள் அவரைக் காப்பாற்றியது.

அவருக்கு மிகவும் பிடித்தது யோசேப்பின் கதை. சொந்தச் சகோதரர்கள் குழியில் தள்ளி விற்ற பிள்ளை, பின்னால் பஞ்சத்தில் அவர்களுக்கே சோறு போட்டான் என்பதில் வீட்டன்பு வந்துவிடும். எசமானின் மனைவி கூப்பிட்டபோது மேலாடையை விட்டுவிட்டு ஓடினான் என்பதில் சோதனை வந்துவிடும். எதற்குக் கூப்பிட்டாள் என்று பத்து வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்ல முடியுமா? ரீச்சர், "எசமானுக்கு வைச்சிருந்த மாம்பழத்தைக் களவாய்த் தின்னச் சொல்லிக் கூப்பிட்டவ" என்பார். யோசேப்பு மாம்பழத்துக்காக மறியலில் கம்பி எண்ணினான் என்று கலியாணம் முடிக்கும்வரை நம்பியிருந்தவர்கள் எங்கள் வகுப்பில் உண்டு. ஆனால் அடுத்த பகுதியை அவர் மாற்றமாட்டார். அந்தப் பெண் யோசேப்பின் துணியைக் கையில் வைத்துக்கொண்டு, அவன்தான் குற்றவாளி என்று பழி சொன்னாள். துணி கையில் இருந்தபடியால் எல்லாரும் நம்பினார்கள். இதை ரீச்சர் இரண்டுதரம் சொல்லுவார்.

வீட்டன்புக்கு அவர் தரும் வீட்டுவேலை இதுதான். ஒவ்வொரு கிழமையும் வீட்டில் ஒருவருக்கு, அவருக்குத் தெரியாமல், ஒரு நன்மை செய்ய வேண்டும். நான் அண்ணாவின் சப்பாத்தை விடியவே துடைத்து வைத்தேன். அப்பா நான் பிறந்த வருஷமே காய்ச்சலில் போய்விட்டார். அண்ணாவின் உழைப்பில்தான் அம்மாவும் நானும் சாப்பிட்டோம். துறைமுகத்தில் கடற்படைக் களஞ்சியத்தில் அவருக்கு எழுதுவினைஞர் வேலை. சப்பாத்துத் துடைப்பது நான் என்று கண்டுபிடித்ததும் அவரும் என் பென்சில்களைச் சீவி வைக்கத் தொடங்கினார். இப்படி ஒரு வருஷம் இரண்டு பேரும் கள்ளத்தனமாக ஒருவரையொருவர் கவனித்துக்கொண்டிருந்தோம். ரீச்சருக்கு நான் நன்றி சொல்ல வேண்டிய ஓர் இடம் உண்டென்றால் இதுதான். சொல்லிவிட்டேன்.

ரீச்சருக்கு ஒரு தம்பி இருந்தான். முப்பது வயது. உடம்பு வளர்ந்துவிட்டது, மனம் நாலு வயதில் நின்றுவிட்டது. பின்னறையில் வைத்திருந்தார். நாங்கள் வேலிக்கு வெளியே போகும்போது, "அக்கா, பசிக்குது" என்று அவன் கூப்பிடுவது கேட்கும். சோறு அவனுக்கு ஒத்துவராது, பால்தான் இறங்கும் என்று அம்மா சொல்லுவா.

யுத்தம் வந்தது. குடா நிறையச் சாம்பல் நிறக் கப்பல்கள். தெருவில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள். அரிசிக்குக் கூப்பன். பாலுக்கு அதுவும் இல்லை. மாடு வைத்திருந்தவர்கள் எல்லாரும் சிப்பாய்களின் முகாமுக்கு ஊற்றினார்கள். அண்ணா வேலை செய்த களஞ்சியத்தில் மட்டும் தகரத்தில் அடைத்த ரின்பால் பேணிகள் கூரைவரை அடுக்கியிருந்தனவாம்.

ஒருநாள் களஞ்சியத்தில் கணக்குப் பார்த்தார்கள். பேணிகள் குறைந்தன. நகரம் முழுக்க வீடு வீடாகத் தேடப் போகிறார்கள் என்று கதை வந்தது. அடுத்த நாள் காலையில் ரீச்சர் கஞ்சி போட்ட சேலையோடு போதகர் வீட்டுக்குப் போனார். கையில் திறக்காத ஒரு பால்பேணி. எங்கள் அண்ணாவைச் சோதித்துப் பார்ப்பதற்காகத் தானே கேட்டதாகவும், பிள்ளை விழுந்துவிட்டான் என்றும் சொன்னார். போதகர் நல்ல மனிதர், பயந்த மனிதர். அந்தப் பேணி அன்று மத்தியானமே பொலிசுக்குப் போனது.

அண்ணா எதையும் மறைக்கவில்லை. எடுத்தது தான்தான், ரீச்சர் தம்பிக்கு வேண்டுமென்று அழுது கேட்டபடியால் கொடுத்தேன், ஒன்றல்ல மூன்று கொடுத்தேன், முதல் இரண்டையும் அவன் குடித்துவிட்டான் என்று நீதவானிடம் சொன்னார். நீதவான் ரீச்சரைக் கேட்டார். ரீச்சர், ஒன்றுதான் வாங்கினேன், சோதனைக்குத்தான் வாங்கினேன் என்றார். எங்கள் ஊரில் இதை நம்பாமல் யார் இருப்பார்கள்? எல்லாரையும்தானே அவர் சோதித்தார். அண்ணாவுக்கு ஒன்பது மாதம் மறியல்.

களவெடுத்ததை அம்மா மன்னித்திருப்பா. ரீச்சர்மேல் பொய் சொன்னதைத்தான் அவவால் தாங்க முடியவில்லை. "அவ பொய் சொல்லமாட்டா. உன்ர அண்ணன்தான் சொல்லுறான்," என்றா என்னிடம். மறியலில் இருக்கிற மகனைப் பார்க்க ஒருதரம்கூடப் போகவில்லை. அண்ணாவிடமிருந்து வந்த கடிதங்களைப் பிரிக்காமல் தகரப் பெட்டியின் அடியில் வைத்தா. ஆனால் எங்கேயோ அலைந்து ஒரு பால்பேணி வாங்கி, அண்ணாவின் வெள்ளைக் காற்சட்டைக்குள் சுற்றி, அதே பெட்டியில் வைத்தா. பூச்சி வராமல் பெட்டியில் வசம்பு போட்டிருப்பா. திறந்தால் வீடு முழுக்க மணக்கும். அவன் வெளியில் வரும்போது உடம்பில் ஒன்றும் இருக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டா.

நான் அண்ணாவை நம்பினேன். அதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. சீவி வைத்த பென்சில்கள்தான் இருந்தன. அடுத்த ஞாயிறு ரீச்சர் கதவைச் சாத்தியதும் எழும்பிப் போய்ப் பனங்கட்டியை எடுத்து எல்லார் முன்னாலும் கடித்தேன். அதற்கடுத்த ஞாயிறும். அதற்கடுத்ததும். "நிண்டியா, விழுந்தியா?" "விழுந்தனான் ரீச்சர்." வகுப்பு முடியும்வரை அவருடைய முகத்துக்கு நேரே நின்று கண்ணை எடுக்காமல் பார்த்தேன். அவர் குனிந்துகொண்டு பாடம் சொன்னார். யோசேப்பின் கதையை அதற்குப் பிறகு அவர் எடுக்கவே இல்லை. அதைக் கவனித்தவள் நான் ஒருத்திதான்.

பிறகு ஜப்பான்காரன் குண்டு போட்டான். சீனக்குடாப் பக்கம் எழும்பிய கரும்புகை நாள் கணக்காக அடங்கவில்லை. நகரம் காலியானது. கப்பல்துறை வழியாகக் கண்டி வீதியில் போனவர்கள் போனார்கள். எங்கள் சபையாரை அம்மாவின் சொந்தக்காரர் வள்ளத்தில் ஏற்றி, தெற்கே இலங்கைத்துறையில் கொண்டுபோய் இறக்கினார்கள். கடற்கரையில் கருவாடு போடுகிற வாடி ஒன்று, ஓலைக் கொட்டில், எங்களுக்குக் கிடைத்தது. எட்டுக் குடும்பம். ரீச்சரும் தம்பியும் ஒரு மூலையில், ஒரே பாயில்.

அங்கே எல்லார் விரலும் கருவாடுதான் மணந்தது. ரீச்சரின் மூக்குக்கு வேலையில்லாமல் போனது. பனங்கட்டியும் இல்லை, தட்டும் இல்லை. மீனும் கஞ்சியும் இருந்தன, ஆனால் அவனுக்கு அவை இறங்கவில்லை. அந்தப் பெரிய உடம்பு நாளுக்கு நாள் வற்றியது. "அக்கா, பசிக்குது" என்று அவன் விடியத் தொடங்கினால் பொழுதுபடும்வரை ஓயமாட்டான். பார்த்தவர்கள் எல்லாரும் பாவம் என்றார்கள். நான் சொல்லவில்லை. எனக்கு ஒரு யோசனை வந்திருந்தது.

ஒரு சனிக்கிழமை பின்னேரம், கரைவலை இழுக்க எல்லாரும் கடலுக்குப் போன நேரம், அம்மா கூடக் கொண்டுவந்திருந்த தகரப் பெட்டியைத் திறந்தேன். பூட்டு இல்லாத பெட்டி. காற்சட்டையைப் பிரித்துப் பால்பேணியை எடுத்தேன். ரீச்சர் கிணற்றடியில் இருந்தார், தம்பி நித்திரை. பேணியை அவர்களுடைய பாய்க்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, வலைக் குவியலுக்குப் பின்னால் குந்திக்கொண்டேன். அவர் எனக்குப் படிப்பித்ததை அவருக்கே செய்தேன்.

ரீச்சர் வந்தார். பேணியைக் கண்டார். வாசல்வரை போய் வெளியே பார்த்தார். "ஆற்றை இது? ஆர் வைச்சது?" என்று கேட்டார், ஆள் இல்லாத வாடியைப் பார்த்து. திரும்பி வந்து, அதைத் தொடாமல் நின்றார். ஒரு பாட்டுப் பாடி முடிக்கிற நேரம் நின்றிருப்பார். அவர் விழாமல் நின்றுவிடுவார் என்று எனக்குப் பயமாகக்கூட இருந்தது. அப்போது தம்பி கண் விழித்தான். பேணியைக் கண்டதும் எழும்பி இருந்து கையைத் தட்டினான்.

"ரெண்டு ஓட்டை போடு அக்கா. அந்த அண்ணா தந்ததுக்குப் போட்ட மாதிரி."

"சத்தம் போடாதை ராசா."

"அப்ப ரெண்டு பேணி குடிச்சனான். மற்றதை நீ தரேல்லை. கொண்டுபோயிட்டாய்."

ரீச்சர் அவனுடைய வாயைப் பொத்தினார். பிறகு ஓர் ஆணியும் கல்லும் தேடி எடுத்து, பேணியின் மூடியில் எதிரெதிரே இரண்டு ஓட்டை போட்டார். அவன் அண்ணாந்து குடித்தான். வாயிலிருந்து நாடியில் வழிந்த பாலை அவர் விரலால் துடைத்தார். அந்த விரலை அவர் வாயில் வைக்கவில்லை, சேலையில் துடைத்தார். பொய் எழுதமாட்டேன் என்று சொன்னேன், அதனால் இதையும் எழுதுகிறேன். எனக்கு அப்போது வந்தது சந்தோஷம். அண்ணா சொன்னது அவ்வளவும் உண்மை. இனி இவரை நான் விடப்போவதில்லை.

அவர் வெறும் பேணியை மணலுக்குள் புதைத்ததையும் பார்த்தேன். பிறகு கிண்டி எடுத்துச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டேன்.

மறுநாள் ஞாயிறு. வாடியில் பிள்ளைகளுக்கென்று தனி அறை ஏது? பெரியவர்களும் சுற்றி இருந்தார்கள், போதகர் இருந்தார், அம்மா இருந்தா. ரீச்சர் கவிழ்த்து வைத்த மீன்பெட்டியின் நுனியில் இருந்தார். என்ன பாடம் வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. நான்தான் எழும்பி, யோசேப்பின் கதை சொல்லச் சொன்னேன். மற்றப் பிள்ளைகளும், ஓம், கனநாளாய்ச் சொல்லவில்லை என்றார்கள். மறுக்க வழியில்லை. தொடங்கினார். குழி, வியாபாரிகள், எசமானின் வீடு, மாம்பழம். மேலாடையை விட்டுவிட்டு ஓடினான் என்ற இடத்தில் நின்றுவிட்டார்.

"பிறகு ரீச்சர்? அந்தப் பொம்பிளை என்ன சொன்னவ?"

 நான் பேணியை எடுத்து எல்லாரும் பார்க்க மீன்பெட்டிக்கு முன்னால் வைத்தேன்.

"நிண்டியளா ரீச்சர், விழுந்தியளா?"

அம்மா என்னை அடிக்கக் கையோங்கிக்கொண்டு எழும்பினா. அதற்குள் ரீச்சரின் தம்பி பேணியைக் கண்டுவிட்டான். அவனுக்கு நல்ல சந்தோஷம். "அது நான் குடிச்சனான்" என்றான். அதோடு நிறுத்தினானா? ஊருக்குள் ஓர் அண்ணா மூன்று பேணி தந்தவர் என்றும், இரண்டைத் தான் குடித்ததாகவும், மூன்றாவதை அக்கா பிடுங்கிக்கொண்டு போனதாகவும் விரலை மடக்கி மடக்கிச் சொன்னான். அவனுக்குப் பொய் தெரியாது என்பது அந்த வாடியில் எல்லாருக்கும் தெரியும். அம்மாவின் கை அப்படியே நின்றது.

ரீச்சர் எழும்பி நின்றார்.

"நான் விழுந்தனான்," என்றார். அம்மாவைப் பார்த்துத்தான் சொன்னார். "பிள்ளை சொன்னது உண்மை. மூண்டும் நான் கேட்டுத்தான் தந்தவன். தேட வருகினம் எண்டோடனை பயந்து போனன். சோதிச்சனான் எண்டு சொன்னது பொய்."

அதோடு இருக்கவில்லை. வகுப்பு முடிந்து, போதகரின் ஆராதனையும் முடியும்வரை நின்றார். இருங்கோ என்று போதகர் இரண்டுதரம் சொன்னார். அவர் கேட்கவில்லை. அம்மா தகரப் பெட்டியைத் திறந்தா. கடிதங்களை எடுக்கத்தான் திறந்தா. காற்சட்டை வெறுமையாக மடிந்து கிடந்தது. அம்மா பெட்டியைப் பார்த்தா, பேணியைப் பார்த்தா, பிறகு ரீச்சரைப் பார்த்தா.

"என்ர பெட்டியையும் திறந்தியளோ?"

பெட்டியைத் திறந்தது நான்தான் என்று அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ரீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பக்கத்தில் வந்து என் கையைப் பிடித்து, விரல்களை மூக்கடியில் வைத்தார். அவ்வளவு கருவாட்டு நாற்றத்துக்குள்ளும் வசம்பு மணந்திருக்கும். அவருடைய மூக்கு அப்படிப்பட்டது. கையை மெல்ல விட்டுவிட்டு அம்மாவிடம் திரும்பினார்.

"ஓம்," என்றார்.

அன்றைக்கே அம்மா எல்லாக் கடிதங்களையும் வாசித்து, அழுது, பிறகு மறியலுக்குப் போய் அண்ணாவைப் பார்த்தா. நான் ஆசைப்பட்டது அதுதான், அது கிடைத்தது. போதகர் எங்கெங்கோ எழுதிப் பார்த்தார். யுத்த காலத்தில் மூன்று பால்பேணியின் கதையை யார் கேட்பார்கள்? அண்ணா ஒன்பது மாதத்தையும் முடித்துத்தான் வந்தார். ரீச்சரை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. அதனால் அவருடைய பங்குக் கோபத்தையும் சேர்த்து நானே வைத்துக்கொண்டேன். ஊர் மட்டும் ரீச்சருக்குப் புதுப் பெயர் வைத்தது. அகதியாய்ப் போன இடத்தில் பெட்டி திறந்தவ. கடைசிவரை அந்தப் பெயர் போகவில்லை. தம்பி அந்த வருஷமே போய்விட்டான்.

நகரத்துக்குத் திரும்பி வந்த பிறகும் ஞாயிறு பாடசாலை நடந்தது. வேறு ஆள் கிடைக்கவில்லை என்று போதகர் சொன்னார். பனங்கட்டித் தட்டு திரும்ப வரவில்லை. கேள்வி மட்டும் இருந்தது. "விழுந்த ஆட்கள் எழும்பி நில்லுங்கோ" என்று சொல்லும்போது முதலில் அவரே எழும்பி நிற்பார். முழங்கால் வருத்தம் வந்த பிறகும் மேசையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நான் ஆறு வருஷம் முன்வாங்கில் இருந்து அதைப் பார்த்தேன். ஒருதரமாவது இருங்கோ ரீச்சர் என்று சொல்லவில்லை.

அந்த ஆறு வருஷமும் அவர் வாங்கு வாங்காகக் கேட்டுக்கொண்டு வருவார். நிண்டியா, விழுந்தியா? எனக்கு இந்தப் பக்கம் இருக்கிற பிள்ளையைக் கேட்பார். அந்தப் பக்கம் இருக்கிற பிள்ளையைக் கேட்பார். என்னைக் கேட்கமாட்டார். ஒவ்வொரு ஞாயிறும் நான் காத்துக்கொண்டிருப்பேன், வாயில் பதில் தயாராக இருக்கும். கேட்டிருந்தால் எழும்பி நின்றிருப்பேன். அவர் கேட்காமலே செத்துப்போனார். அண்ணாவுக்குச் செய்ததைக்கூட ஒருவேளை மன்னித்துவிடுவேன், இதை மன்னிக்கமாட்டேன்.